பதினோராவது விநாடி

முசஃபாவில் ஒரு குளிரூட்டிய கொட்டகை.
ஓட்டுநர் இல்லாத பேருந்தை
அட்டையாலும் நுரையாலும் செய்து நிறுத்தியிருக்கிறோம்.
சக்கரம் கிடையாது. கதவு மட்டும் நிஜம்.
திறந்தால் பத்து விநாடி, பிறகு தானே மூடிக்கொள்ளும்.

விடுமுறை நாளில் முகாமிலிருந்து பன்னிரண்டு பேர் வந்தார்கள்,
இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டைகளில்.
ஆளுக்கொரு பழரசம், ஒரு ரீசார்ஜ் கூப்பன்.
என் கையில் கேள்வித்தாள்:
இந்த வண்டியை எவ்வளவு நம்புவீர்கள்,
ஒன்றிலிருந்து ஐந்துக்குள்?

"அஞ்சு போட்டாத்தான் கம்பெனிக்குப் பிடிக்குமா, மேடம்?"
என்று கேட்டார் இருதயராஜ்.
பன்னிரண்டு பேரும் அஞ்சு போட்டார்கள்.

வண்டி எதையெல்லாம் பார்க்கிறது என்று காட்ட
முன்னால் ஒரு பெரிய திரை வைத்திருந்தோம்.
பார்க்கப் பார்க்க நம்பிக்கை வரும் என்பது ஹிஷாமின் கணக்கு.
"அணைக்க முடியுமா?" என்றார் மொஃபிசுல்.
மூன்றரைக்கு எழுந்தவனுக்கு
விளக்குக் கம்பங்களின் படம் எதற்கு?
அவனுக்கு வேண்டியது ஐம்பது நிமிடத் தூக்கம்,
அதற்கு மேல் ஒரு திரைச்சீலை.
இருக்கைகளுக்கு நடுவே ஒரு சாண் விட்டிருந்தோம், தனிமைக்கு.
நெருக்கிப் போடச் சொன்னார்கள்.
பக்கத்து ஆளின் தோள் எட்டாவிட்டால்
தலை எங்கே போய்ச் சாயும்?

காலி இருக்கையில் வைத்த சோற்றுத் தூக்கை
ஆள் என்று எண்ணி
பெல்ட் போடு, பெல்ட் போடு என்று கத்தியது சென்சார்.
செல்லக்கண்ணு தூக்குக்குப் பெல்ட் மாட்டிவிட்டார்.
அன்றைக்கு அதுதான் முதல் சிரிப்பு.

அப்புறம் சிவப்புப் பொத்தான்.
ஆபத்தென்றால் அழுத்தவும், ஐந்து மொழிகளில்.
நாடக மேடைப் புகையைக் கொஞ்சம் உள்ளே விட்டேன்.
எல்லோரும் பொத்தானைப் பார்த்தார்கள்.
பிறகு ஒருவரையொருவர்.
ஒரு கையும் நீளவில்லை.
"அமுக்கினா சம்பளத்துல பிடிப்பாங்களா?"
நான் அதன் நிறத்தைத்தான் சோதிக்க வந்திருந்தேன்.
உயரத்தையும்.

மறுநாள் விடியுமுன் நாலரைக்கு
அவர்களுடைய பழைய பேருந்தில் ஏறிக்கொண்டேன்.
ஓட்டுநர் குல் நவாஸ். கண்ணாடியோரம் பிளாஸ்டிக் ரோஜா.
தலைகளை எண்ணினார். முப்பத்தொன்பது.
ஒன்று குறைகிறது.
இரண்டு தரம் ஹாரன் அடித்தார்.
என் கடிகாரத்தில் பத்து விநாடி போயிற்று,
முப்பது, எழுபது.
சி பிளாக் மாடிப்படியில் ஒரு விளக்கு எரிந்தது.
ஒரு பூட்ஸ் காலிலும் ஒரு பூட்ஸ் கையிலுமாக
செல்லக்கண்ணு ஓடி வந்தார்.
குல் நவாஸ் பஷ்தோவில் திட்டினார், நீளமாக.
திட்டி முடியும்வரை கதவு திறந்தே இருந்தது.

"உன் வண்டி எவ்வளவு நேரம் நிற்கும்?"
இந்தியில் என்னைக் கேட்டார்.
சொன்னேன்.
ஒன்றும் பேசாமல் கியரை மாற்றினார்.
அவர் உட்கார்ந்திருந்த இருக்கை
எங்கள் வரைபடத்தில் இல்லை.
அது அவருக்கும் தெரியும்.

ஹிஷாம் எண் கேட்கிறான். இயந்திரத்துக்கு எண் வேண்டும், நியாயம்தான்.
தொண்ணூறு என்று எழுதினேன். அடித்தேன்.
மாடிப்படியில் விளக்கு எரிந்தால், என்று எழுதினேன்.
கையில் பூட்ஸோடு ஒருவன் வந்தால்.
அந்தத் தாமதம் யார் கணக்கில்? ஓரத்தில் குறித்தேன்.
அது உங்கள் பிரிவு அல்ல என்று மின்னஞ்சல் வந்தது.

திரைச்சீலை தொங்கவிட்டாயிற்று. இருக்கைகள் ஒட்டிக்கொண்டன.
பொத்தானுக்குக் கீழே ஒரு வரி சேர்க்கக் கேட்டிருக்கிறேன்:
இதற்குச் சம்பளப் பிடித்தம் இல்லை.
சட்டப் பிரிவு யோசிக்கிறது.
அதுவரை அந்த இடத்தில்
வெறும் வெள்ளைத்தாள் ஒட்டியிருக்கிறது.

எல்லோரும் போன பிறகு
கொட்டகையின் கடைசிச் சுவர் வரை நடந்தேன்.
ஒரு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன்.
கதவு திறந்தது. ஓடினேன்.

கண்ணாடியில் மூச்சு வாங்கும் ஒருத்தி,
கையில் செருப்போடு.
உள்ளே விளக்குகள் ஒவ்வொன்றாக அணைகின்றன.